நாய் சாகாத நாய் நாவல் இருக்கா?

"நாய்க்கும் மனுஷனுக்கும் உள்ள பாசத்தப் பத்தி நாவல் சொல்லுங்க, ஆனா கடைசில நாய் சாகக்கூடாது"னு கேட்டிருக்கீங்க. இருக்கு. அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் 1903ல எழுதினது, தமிழ்ல பெரியசாமித் தூரன் 'கானகத்தின் குரல்'னு கொண்டு வந்திருக்கார். பக்னு ஒரு நாய், அது சாகாது, அதோட ஆளுதான் சாவான் (கதைய ஒடைச்சுட்டேன், ஆனா நீங்க கேட்டதே அதத்தான).

நான் பாம்பன் பக்கம். மீன்பிடித் தடைக்காலத்துல ஏப்ரல் 15லருந்து 61 நாள் விசைப்படகெல்லாம் கட்டிக் கெடக்கும், அப்பத்தான் போன்ல வச்சுப் படிச்சேன். அப்ப எனக்கு எங்க நாய் கருப்பன் மேல செம கடுப்பு. பெரியப்பா படகு எஞ்சின் சத்தம் மட்டும் அவனுக்குத் தனியாத் தெரியும், மத்த படகுக்குத் தலையக்கூடத் தூக்க மாட்டான், அந்தச் சத்தம் கேட்டா முழங்கால் தண்ணில போய் நிப்பான், அவரும் சங்காயத்துல (வலைல சேந்து வர்ற கழிவு மீன் குவியல்) கையவிட்டு நாலு காரல் மீனை அள்ளிப் போடுவாரு. அவரு நெஞ்சுவலில போயி ஒரு மாசம் ஆகல, பக்கத்துப் படகு ஆளுங்க பின்னாடி வாலாட்டிட்டுத் திரியிறான். பெரியம்மா "சோறு எங்கயோ அங்க"னு சொல்லிட்டு விட்டுட்டாங்க, எனக்குத்தான் ஆறல.

நாவல்ல தார்ன்டன்னு ஒருத்தன், பக்கைச் சாகவிடாமக் காப்பாத்துனவன். அவனுக்காக ஒரு பந்தயத்துல 1000 பவுண்டு மாவுமூட்டை ஏத்தி ஐஸ்ல ஒட்டிப்போன வண்டிய ஒத்த நாயா 100 கெஜம் இழுக்கும். வல்லத்த (நாட்டுப்படகு) கரையேத்தித் தோள் தேஞ்சவனுக்குத்தான் அந்தப் பக்கம் புரியும். அப்புறம் தார்ன்டன் செத்ததும் பக் அங்கயே பட்டினி கெடந்து உசிர விடல, ஓநாய்க் கூட்டத்தோட போயிருது, நல்லா வாழுது, ஆனா வருசா வருசம் தார்ன்டன் செத்த பள்ளத்தாக்குக்குத் தனியா வந்து கொஞ்ச நேரம் நின்னு ஒரு தடவ நீளமா ஊளையிட்டுட்டுப் போகுது. அதப் படிச்சதும்தான் யோசிச்சேன், கருப்பன் மத்தியானம் படுக்கிறது மட்டும் பெரியப்பா படகு ஓரத்துலதான். நெழலுக்கா, வேற எதுக்கானு அவனுக்குத்தான் தெரியும்.

ஒண்ணு முன்கூட்டியே சொல்லிர்றேன், பக் சாகாதே தவிர மத்த நாய்ங்க நெறைய சாகும். கர்லினு ஒரு சாதுவான நாய், அலாஸ்கா கரைல எறங்குன மொத நாளே மத்ததுங்க சேந்து கடிச்சுக் கொன்னுரும், எனக்கு ரெண்டு நாள் புக்கத் தொறக்கவே மனசு வரல. ஜாக் லண்டன் 1897ல தங்கம் தேடி அந்தப் பக்கம் போய்ப் பாத்துட்டு வந்த ஆளு, அதனால பூசி மெழுகாம எழுதியிருக்கார்.

அது தாங்காதுன்னா அவரோட 'ஒயிட் ஃபேங்' படிங்க, 1906. இதுல தலைகீழா, காட்டுல பொறந்தது வீட்டுக்கு வருது. நடுவுல நாய்ச்சண்ட விடுற ஒருத்தன்கிட்ட அது படுற பாடு கொடும, அந்தப் பக்கங்கள வேகமாத் தள்ளிருங்க. கடைசில அது வெயில்ல படுத்துக்கெடக்கும், குட்டிங்க மேல ஏறி விளையாடும், அவ்வளவுதான், அது சாகாது.