ஒரே கோப்பு இருமுறை சேரும்போது

கேள்வி: எங்கள் விதை நெல் கடைக்காக பிஎச்பி நிரல்மொழியில் இணையதளம் எழுதி வருகிறேன். விலை கணக்கிடும் ஃபங்ஷனை (நிரல் துண்டை) மீண்டும் அறிவிக்க முடியாது என்ற பிழையோடு பக்கம் நின்றுவிடுகிறது. அதை ஒரே இடத்தில்தான் எழுதியிருக்கிறேன். என்ன செய்வது?
– வாசகர், மன்னார்குடி

பதில்: நீங்கள் ஒருமுறை எழுதிய கோப்பு, ஒரே பக்கத்துக்குள் இருமுறை சேர்க்கப்படுகிறது. பிழைச் செய்தியை இறுதிவரை படியுங்கள். முதலில் அறிவிக்கப்பட்ட கோப்பின் பாதையும் வரி எண்ணும், பிழை எழுந்த கோப்பின் பாதையும் அதிலேயே இருக்கும். இரண்டு பாதைகளும் ஒன்றே என்றால், பக்கத்தின் மேற்பகுதிக் கோப்பும் உங்கள் பக்கமும் தனித்தனியே அதை அழைத்திருக்கக்கூடும். அந்தக் கோப்பை அழைக்கும் எல்லா இடங்களிலும் கோப்பைச் சேர்க்கும் இன்க்ளூட் (include) கட்டளையை, ஒருமுறை சேர்ந்ததை மீண்டும் சேர்க்காத ரெக்வயர் ஒன்ஸ் (require_once) என மாற்றினால் போதும். பாதைகள் வேறுபட்டால், பழைய பிரதி ஒன்று வேறொரு ஃபோல்டரில் கிடக்கிறது. ரெக்வயர் ஒன்ஸ் கோப்பின் முழுப் பாதையையே ஒப்பிடுவதால் இங்கே உதவாது. பிரதியை நீக்கத்தான் வேண்டும். ஃபங்ஷன் ஏற்கெனவே உள்ளதா என்று சோதித்து அறிவிக்கும்படி சிலர் சொல்வார்கள். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிழை மறையும், ஆனால் பழைய பிரதி முதலில் சேர்ந்தால் ஏடிடி 45 விதைக்குப் பழைய விலையே வாடிக்கையாளருக்குத் தெரியும்.