வாசகர் கேள்வி: ஜிபிஎஸ் இல்லாமல் தோட்ட வண்டி

கேள்வி: ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் மூட்டை சுமக்க, தானே ஓடும் சிறு வண்டி செய்திருக்கிறோம். சில்வர் ஓக் மரங்களின் அடியில் ஜிபிஎஸ் தாவித் தாவிக் காட்டுகிறது. அதை விட்டுவிட்டு, சக்கரச் சுற்றை எண்ணும் என்கோடரையும் திரும்பும் வேகத்தை அளக்கும் கைரோவையும் நம்பி ஓட்டினால், நூறு மீட்டருக்குள் வரிசையை விட்டு விலகிவிடுகிறது. பிழை எங்கே?
– வாசகர், ஓமலூர்

பதில்: தூரத்தில் இருக்காது, திசையில்தான் இருக்கும். இரண்டு சக்கரங்களின் எண்ணிக்கை வித்தியாசத்தில் திருப்பத்தைக் கணக்கிடுகிறீர்கள் என்றால், முதலில் அதை நிறுத்துங்கள். சக்கரங்களுக்கிடையே 50 செ.மீ. இருக்கும் வண்டியில், ஒரு டயரின் சுற்றளவு 1 சதவீதம் மாறினாலே 10 மீட்டரில் 11 டிகிரி தப்பும். திசைக்குக் கைரோ, தூரத்துக்கு என்கோடர் என்று பிரித்துவிடுங்கள்.

கைரோ சும்மா நிற்கும்போதும் பூஜ்யம் காட்டாது. விநாடிக்கு 0.05 டிகிரி பிழை மிஞ்சினால் நிமிடத்துக்கு 3 டிகிரி. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் முதல் நிமிட முடிவில் ஒன்றரை மீட்டர் விலகல்; இரண்டாம் நிமிட முடிவில் ஆறு மீட்டர். செடி வரிசைகளுக்கு நடுவே அவ்வளவு இடம் ஏது?

எனவே சுவிட்ச் போட்டதும் ஓட்டாதீர்கள். பத்து நிமிடம் சூடேற விட்டு, அசையாமல் 30 விநாடி வாசிப்பின் சராசரியை எடுத்துக் கழியுங்கள். சேலத்து வெயிலில் எடுத்த எண் ஏற்காட்டுக் குளிருக்கு உதவாது. வண்டி நிற்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்கட்டும். ஆனால் மூட்டை ஏற்றி, ஆள் விலகிய பிறகு. ஏற்றும்போது வரும் ஆட்டம் அந்தச் சராசரியையே கெடுத்துவிடும்.

ஈரச் சருகில் மோட்டார் சக்கரம் வழுக்கி வீணாகச் சுற்றும். அதனால் என்கோடரை மோட்டார் இல்லாத சக்கரத்தில் மாட்டுங்கள். பாரம் ஏற்றினால் டயர் அமுங்கும். மூட்டையோடுதான் 20 மீட்டர் டேப் பிடித்து, மூன்று முறை ஓட்டிச் சுற்றளவைத் திருத்த வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் பிழை சேரும். வரிசை முடிவுகளில் 15 செ.மீ. கறுப்பு வெள்ளைச் சதுரக் குறிப் பலகைகளை நட்டு, கேமராவால் படித்து இடத்தையும் திசையையும் திருத்திக்கொள்ளுங்கள். குறியைத் தாளில் அச்சிட்டு லாமினேஷன் செய்தால், அந்தப் பளபளப்பில் கேமரா ஏமாறும். மங்கலான பூச்சுள்ள அலுமினியத் தகடு மழைக்கும் தாங்கும்.

கேள்வி: திசைக்குக் காந்தக் காம்பஸ் போதாதா?
– வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். மோட்டார் காந்தமும் கம்பியில் ஓடும் மின்னோட்டமும் அதை இழுக்கும். கஞ்சமலைப் பக்கம் சோதித்தால் இன்னும் மோசம். அங்கே பாறையிலேயே மாக்னடைட் இரும்புத்தாது இருக்கிறது. சேலத்தில் வெட்டியெடுக்கும் வெள்ளை மாக்னசைட் வேறு, அதில் காந்தம் கிடையாது.