ஜீரோ, ஜீரோ, ஜீரோ... நத்தை மட்டும் ஏன் சாகிறது?

உப்புநீர்த் தொட்டி: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என்னுடையது 60 லிட்டர் பவளத் தொட்டி. வைத்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு ஜோடி கிளவுன் மீன், சில பவளங்கள், நத்தைகள், சங்கு நண்டுகள். ஒரு மாதமாக நத்தைகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து விழுந்து மல்லாந்து கிடந்து சாகின்றன. போன சனிக்கிழமை வாங்கிவிட்ட கிளீனர் இறால் திங்கட்கிழமை காலையில் செத்துக் கிடந்தது. அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பாஸ்பேட் நான்கும் ஜீரோ. உப்பை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் 1.025. குறைகிற தண்ணீரை ஞாயிறுதோறும் ஆர்.ஓ. தண்ணீரால் கோடு வரை நிரப்பிவிடுவேன். பாஸ்பேட் உறிஞ்சியும் போட்டிருக்கிறேன். மருந்து எதுவும் ஊற்றியதில்லை. மணலில் கொஞ்சம் பழுப்புப் பாசி இருக்கிறது, அது பெரிய தொல்லையில்லை. இறந்த நத்தைக்குள் மயிர் மயிரான புழு ஒன்று நெளிந்தது. அதுதான் கொலைகாரனா?

பதில்: புழுவை விட்டுவிடுங்கள். அது பிணம் தின்ன வந்தது. அந்தப் புழு இல்லாவிட்டால் பாறைக்குப் பின்னால் அழுகும் நத்தை உங்கள் அம்மோனியாவை எப்போதோ ஏற்றியிருக்கும்.

நீங்கள் எண்களை வரிசையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவற்றைவிட உதவியாக இருந்தது, யார் செத்தார்கள், யார் சாகவில்லை என்பதுதான். ராத்திரி ஆக்சிஜன் குறைந்திருந்தால் முதலில் தத்தளிப்பது மீன். 25 டிகிரியில் கடல்நீர் தாங்குவதே லிட்டருக்கு சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன்தான், நன்னீரைவிடக் குறைவு. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடியிருக்கும். அம்மோனியா என்றாலும் மீன் சும்மா இருக்காது. உங்கள் கிளவுன்கள் கொழுகொழுவென்று இருக்க, ஓடுள்ளவை மட்டும் போகின்றன. அப்படியானால் சந்தேகப் பட்டியலில் மிஞ்சுவது மூன்று: உப்பு, உலோகம், விஷம்.

உலோகத்தை முதலில் முடித்துவிடலாம். செம்பு மிகச் சிறிய அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொல்லும், மீன் தாங்கிக்கொள்ளும். மருந்து ஊற்றவில்லை என்கிறீர்கள். கண்ணாடி துடைக்கும் காந்தத்தையும் பம்பின் காந்தத்தையும் எடுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் உறை விரிந்து துரு தெரிந்தால் அன்றைக்கே தூக்கி எறியுங்கள். தெரியாவிட்டால் தொடர்ந்து படியுங்கள்.

இறாலும் நத்தைகளும் ஒரே காரணத்தால் செத்தன என்று நினைத்துத்தான் குழம்பியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவை தனித்தனி வழக்குகள்.

இறால் வழக்கு எளிது. பாறையும் மணலும் போக உங்கள் தொட்டியில் ஏறக்குறைய 50 லிட்டர் தண்ணீர் இருக்கும். மூடியில்லாத சிறிய தொட்டியில் நாளுக்கு அரை லிட்டர் ஆவியாவது சாதாரணம். ஆவியில் தண்ணீர்தான் போகும், உப்பு அங்கேயே நிற்கும். வாரத்தில் மூன்றரை லிட்டர் போனால், கிலோவுக்கு 35 கிராம் உப்பிருந்த தண்ணீர் 37.6 ஆகிவிடும். சனிக்கிழமை என்பது உங்கள் வாரத்தின் மிக உப்பான நாள், அன்றைக்குத்தான் இறால் வந்து இறங்கியிருக்கிறது. பல கடைகளில் தண்ணீரை 1.020 அளவில் வைத்திருப்பார்கள். அது ஏறத்தாழ 27 கிராம். அங்கிருந்து 37க்கு ஒரே தாவல். மறுநாள் மூன்றரை லிட்டர் நன்னீரை மொத்தமாகக் கவிழ்த்திருக்கிறீர்கள். மீன் தன் உடம்பின் உப்பைத் தானே சரிசெய்துகொள்ளும். இறாலால் அந்த அளவுக்கு முடியாது. இரண்டு நாள் தாங்கியதே பெரிது.

அந்த 1.025ஐயும் நான் நம்பவில்லை. முள் ஆடுகிற ஹைட்ரோமீட்டரில் குமிழி ஒட்டினால் உப்பு கூடுதலாகக் காட்டும், முள்ளில் உப்புப் படிந்தால் குறைவாகக் காட்டும். ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்குங்கள். 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலை வைத்து அதைச் சரிபாருங்கள், வெறும் தண்ணீரை வைத்து அல்ல. ஆவியாகும் தண்ணீரைத் தினமும் ஈடுகட்டுங்கள். மிதவை வைத்துத் தானாக நிரப்பும் கருவி கிடைக்கிறது. சிறிய தொட்டிக்காரர்கள் விளக்குக்குச் செலவழிப்பதற்கு முன் அதற்குச் செலவழிக்க வேண்டும் என்பது என் கட்சி.

இனி நத்தைகள். நீங்கள் “பெரிய தொல்லையில்லை” என்று ஒரு வரியில் தள்ளிவிட்ட பழுப்புப் பாசியிடம்தான் எனக்கு வேலை. அது சளிபோல நூல் நூலாகத் தொங்குகிறதா? நுனியில் காற்றுக் குமிழி நிற்கிறதா? விளக்கு அணைகிற நேரத்தில் கனமாகவும் காலையில் குறைந்தும் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் அது டயட்டம் என்கிற சாதாரணப் பழுப்புப் பாசி இல்லை, டைனோஃபிளாஜெல்லேட் என்கிற ஒற்றைச் செல் நுண்ணுயிர். தொட்டிக்காரர்கள் சுருக்கமாக டைனோ என்பார்கள். கொஞ்சத்தை ஒரு கண்ணாடி டம்ளரில் எடுத்து நன்றாகக் குலுக்கி, டிஷ்யூ காகிதத்தில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி நூல் திரண்டால் டைனோ. சாதாரண மைக்ராஸ்கோப் கிடைத்தால் இன்னும் நல்லது. துளி வடிவில், ஒரு முனை நங்கூரம் போட்டதுபோல நின்ற இடத்திலேயே சுழன்றால் அது ஆஸ்ட்ரியாப்சிஸ் என்கிற விஷமுள்ள டைனோ வகை. அதை மேய்ந்த நத்தை இப்படித்தான் மல்லாந்து விழும்.

அது ஏன் உங்களிடம் வந்தது? நைட்ரேட் ஜீரோ, பாஸ்பேட் ஜீரோ என்று பெருமையாக எழுதினீர்களே, அதனால்தான். சத்தில்லாத தண்ணீரில் சாதாரணப் பச்சைப் பாசியும் நல்ல நுண்ணுயிரிகளும் பட்டினி கிடக்கும். காலியான இடத்தில் டைனோ உட்காரும். கடைக்காரர்கள் டெஸ்ட் கிட்டைப் பார்த்துவிட்டு “எல்லாம் பெர்ஃபெக்ட்” என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஜீரோ இருக்க வேண்டும். மற்ற இரண்டும் ஜீரோ இருக்கக் கூடாது.

பாஸ்பேட் உறிஞ்சியை எடுத்துவிடுங்கள். தண்ணீர் மாற்றுவதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். மீன்களுக்குத் தாராளமாகத் தீனி போடுங்கள். லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில் நைட்ரேட் 5 முதல் 10, பாஸ்பேட் 0.05 முதல் 0.1 வரை வந்து அங்கேயே நிற்க வேண்டும். தீனியால் மட்டும் ஏறாவிட்டால், தொட்டிக்கென்றே விற்கும் நைட்ரேட், பாஸ்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். விஷத்தை இழுக்கப் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் கரியை ஃபில்டரில் வையுங்கள். ஆஸ்ட்ரியாப்சிஸ் ராத்திரியில் மணலை விட்டுத் தண்ணீரில் மிதக்கும் என்பதால் யு.வி. விளக்குக்குச் சிக்கும். மணலைவிட்டு நகராத இன்னொரு வகை இருக்கிறது, ஆம்பிடினியம், அதற்கு யு.வி. வீண். மூன்று நாள் இருட்டில் மூடிவைத்தால் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள். போகும், திரும்பி வரும். பச்சைப் பாசி கண்ணாடியில் படரத் தொடங்கும்வரை ஒரு நத்தைகூட வாங்காதீர்கள்.

கேள்வி: அடுத்தடுத்து வாங்கிய மூன்று மீன்களும் ஒரு வாரத்துக்குள் போய்விட்டன. மூச்சு வேகமாக வாங்கியது, உடம்பில் பொன் தூள் தூவியதுபோல மங்கல். இறாலும் நத்தையும் நன்றாக இருக்கின்றன. வேறு கடைக்கு மாறட்டுமா?

பதில்: முந்தைய கடிதத்துக்கு நேர் எதிர். மீன் மட்டும் சாகிறது, அதுவும் புதிதாக வந்தது. இது வெல்வெட் நோய், அமைலூடினியம் என்கிற ஒட்டுண்ணி. வெண்புள்ளி நோய் என்றால் உப்புக்கல் ஒட்டியதுபோல எண்ணிவிடக்கூடிய புள்ளிகள் தெரியும். வெல்வெட் அதற்கு நேரம் தராது, செவுளில் தொடங்கிச் சில நாளில் முடித்துவிடும்.

கடை மாறுவதால் பயனில்லை. முதல் மீன் கொண்டுவந்தது இப்போது உங்கள் தொட்டியிலேயே இருக்கிறது. மிச்ச மீன் ஏதாவது இருந்தால் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே செம்பு மருந்து கொடுங்கள், அளவை டெஸ்ட் கிட்டால் பார்த்துக்கொண்டே. பவளத் தொட்டியில் ஒரு சொட்டு செம்பும் விழக் கூடாது. பாறை அதை உறிஞ்சிவைத்துப் பிறகு மெல்ல விடும். பெரிய தொட்டியில் குறைந்தது ஆறு வாரம் மீனே இருக்கக் கூடாது, நானாக இருந்தால் பத்து வாரம் விடுவேன். அடுத்து வாங்கும் மீனை ஒரு மாதம் தனியே வைத்துப் பாருங்கள்.

கேள்வி: இறால் செத்துவிட்டது என்று எடுத்துப் போட்டேன். சாயங்காலம் அதே இறால் பாறையில் உட்கார்ந்திருக்கிறது. எப்படி?

பதில்: நீங்கள் தூக்கிப் போட்டது சட்டையை. தோலுரித்த இறால் புதிய ஓடு கெட்டிப்படும்வரை ஒளிந்திருக்கும். அடுத்த முறை கையில் எடுத்துப் பாருங்கள், உள்ளே ஒன்றுமில்லாமல் லேசாக இருக்கும். அதைத் தொட்டியிலேயே விட்டுவிடலாம்.

கேள்வி: எல்லாம் செத்துவிட்டன. பாறைகளைக் கொதிக்கவைத்துச் சுத்தம் செய்து புதிதாகத் தொடங்கலாமா? ஸோவாந்திட் என்கிற பட்டன் பவளம் ஒட்டிய பாறையும் உண்டு.

பதில்: கொதிக்கவைக்கவே வைக்காதீர்கள். சில ஸோவாந்திட்களில், குறிப்பாகப் பாலிதோவா இனத்தில், பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கும். பாறையைக் கொதிக்கவைத்து அந்த ஆவியைச் சுவாசித்த குடும்பங்கள் மருத்துவமனையில் கிடந்திருக்கின்றன. மேலே சொன்ன ஆஸ்ட்ரியாப்சிஸின் விஷமும் இதற்கு உறவு. 2005 கோடையில் இத்தாலியின் ஜெனோவா கடற்கரையில் அது பெருகியபோது, அலைத் துளி கலந்த காற்றைச் சுவாசித்த சுமார் 200 பேர் காய்ச்சலும் இருமலுமாக மருத்துவரிடம் போனார்கள்.

சுடுதண்ணீர், பிரஷ், ஹேர் டிரையர் எதுவும் பாறைப் பக்கம் போகக் கூடாது. கையுறையும் பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஸோவாந்திட் பாறையைத் தண்ணீருக்குள் வைத்தே தனி வாளிக்கு மாற்றி, மூடிவைத்து, அப்படியே அப்புறப்படுத்துங்கள். மற்ற பாறைகளை இருட்டான வாளியில் உப்புநீரும் ஒரு சிறிய பம்பும் போட்டுச் சில வாரம் வையுங்கள். அம்மோனியா ஏறி மறுபடி ஜீரோவுக்கு வந்து நின்ற பிறகு எனக்கு எழுதுங்கள், முதல் நத்தை எப்போது என்று பார்ப்போம்.