தைவானுக்கு ஏன் இடமில்லை?

கேள்வி: சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பிலும் ஐ.நா. பருவநிலை மாநாட்டிலும் தைவானைச் சேர்க்காதது சரியா?

பதில்: சரியே இல்லை. 1971-ல் ஐ.நா.வில் சீனாவின் இடம் தைவான் அரசிடமிருந்து பெய்ஜிங்குக்குப் போனதிலிருந்து தைவானுக்குக் கதவு பெரும்பாலும் மூடியே கிடக்கிறது. ஆனால் தைபே வான்பகுதியில் விமானங்களுக்கு வழி சொல்வது தைவான்காரர்கள்தானே? 2022 ஆகஸ்டில் சீனா தீவைச் சுற்றிப் போர்ப்பயிற்சி நடத்தியபோது விமானங்களை வேறு பாதைக்குத் திருப்பிவிட்டவர்களும் அவர்கள்தான். அவர்களை விட்டுவிட்டுப் பாதுகாப்பைப் பற்றிப் பேசினால் ஆபத்து பயணிகளுக்குத்தான். 2013-ல் மாண்ட்ரியலில் நடந்த அந்த விமான அமைப்பின் கூட்டத்துக்குத் தைவானை விருந்தினராகக் கூப்பிட்டார்கள், 2016-ல் அதுவும் இல்லை. அப்புறம் பருவநிலை: 2050-க்குள் நிகர பூஜ்ஜிய உமிழ்வு என்று 2023-ல் சட்டமே போட்டுவிட்ட தைவானின் ஆட்கள், அரசு சாரா அமைப்பின் அட்டையை மாட்டிக்கொண்டுதான் மாநாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. தைவான் தனி நாடா என்ற அங்கீகாரச் சண்டை தனியாக நடக்கட்டும். பார்வையாளர் இடத்தையாவது இப்போதே கொடுங்கள்.