60 வயதுக்கு மேல், கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருத்திருக்கும் பெண்களுக்கு எப்படிப்பட்ட உடை எடுப்பாக இருக்கும்?

நீங்கள் கேட்டிருக்கும் தோரணையைப் பார்த்தாலே தெரிகிறது, சமீபத்தில் ஏதோ ஒரு கண்ணாடி முன்னால் நின்று நொந்துபோயிருக்கிறீர்கள். இல்லாவிட்டால் யாரோ எடுத்த போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். என்னை நோகடித்தது போட்டோதான்.

எனக்கு 63 வயது. ஒரு காலத்தில் வயிறு என்று ஒன்று இருந்ததே தெரியாது, சதையெல்லாம் இடுப்பிலும் தொடையிலும்தான். மாதவிடாய் நின்ற நாலைந்து வருடத்தில் எல்லாம் இடம் மாறிவிட்டது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தால் கொழுப்பு வயிற்றில் போய்ச் சேருமாம். வயது ஏற ஏற முதுகெலும்பு அமுங்கி உயரமும் குறைவதால், விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் இருந்த இடமும் சுருங்குகிறது. உள்ளே இருப்பது எங்கேதான் போகும்? முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது.

"நடந்தால் குறையுமே" என்று சொல்லக் கிளம்புபவர்களுக்கு: தினமும் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். பெண்களுக்கு வயிற்றுச் சுற்றளவு 80 செ.மீ. தாண்டினாலே கவனமாக இருக்க வேண்டும், 88 தாண்டினால் சர்க்கரை, இதய நோய் ஆபத்து இன்னும் கூடுதல் என்பதும் தெரியும். டாக்டர் டேப்பை வைத்து அளந்தே சொல்லிவிட்டார். ஆனால் குறைகிற வரைக்கும் எதையாவது உடுத்திக்கொண்டுதானே வெளியே போக வேண்டும்?

சரி, போட்டோ கதைக்கு வருகிறேன். நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணம். முழங்கால் வரை வரும் டாப், முன்னால் வரிசையாகப் பட்டன், ஆசைப்பட்டுத் தைக்கக் கொடுத்தேன். அளவெடுக்கும்போது டேப் வயிற்றைச் சுற்றியதும் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டேன். வேண்டுமென்று செய்யவில்லை, தானாக வந்துவிட்டது. நீங்களும் இழுத்திருப்பீர்கள், இல்லை என்று சொல்லாதீர்கள். இல்லாத வயிற்றுக்கு அளவெடுத்து அழகாகத் தைத்துக் கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்தில் நிற்கும் வரை ராணி மாதிரி இருந்தேன். உட்கார்ந்தேன், மூன்றாவது பட்டனுக்கும் நான்காவது பட்டனுக்கும் நடுவில் துணி வாய் பிளந்துவிட்டது. உடனே கைப்பையை எடுத்து மடியில் வைத்தவள் கடைசி வரை எடுக்கவில்லை. எழுந்து நின்று எடுத்த படங்களில்கூட அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, பணத்தை யாரோ பிடுங்க வருவது போல நிற்கிறேன்.

அந்த ஆல்பம்கூட இன்னும் முழுதாக வரவில்லை. முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு இரண்டு வருடமாக "எடிட்டிங் நடக்குது" என்கிறார் போட்டோகிராபர். கேட்டால் நாம்தான் நச்சரிக்கிறோமாம். கல்யாண ஜோடிக்குக் குழந்தையே பிறந்து நடக்க ஆரம்பித்துவிட்டது, எடிட்டிங் முடியவில்லை. அது தனிக் கதை.

அந்த டாப்பை வேறொரு தையல்காரப் பெண்ணிடம் கொண்டுபோனேன். அவர் செய்த முதல் வேலை, ஸ்டூலை இழுத்துப் போட்டதுதான். "உட்காருங்கக்கா, மூச்சை விடுங்க." நின்றபோது இருந்த அளவைவிட மூன்று அங்குலம் அதிகம்! அப்புறம் டாப்பைப் போடச் சொல்லி, பக்கவாட்டில் கண்ணாடியைப் பார்க்கச் சொன்னார். பின்பக்கத்தைவிட முன்பக்க விளிம்பு ஒன்றரை அங்குலம் மேலே ஏறி நின்றது. "துணி வயித்து மேல ஏறி இறங்க வேண்டாமா? அதுக்குத் துணி விடவே இல்லையே" என்றார். இத்தனை வருடமும் முன்பாகம் பின்பாகம் இரண்டையும் ஒரே நீளத்தில் வெட்டித்தான் எனக்குத் தைத்திருக்கிறார்கள். தட்டை வயிற்றுக்கு அது சரி. நமக்கு முன்பாகத்தை, அதுவும் நடுவில், கொஞ்சம் நீளமாக விட்டு வெட்ட வேண்டும். வயிற்றைக் காட்டிக்கொடுத்தது அந்தத் தூக்கிய விளிம்புதான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ரெடிமேட் வாங்குவதாக இருந்தால் தோளைப் பாருங்கள். நாம் என்ன செய்கிறோம், வயிற்றுக்குப் பத்தவில்லை என்று இரண்டு சைஸ் பெரிதாக எடுக்கிறோம். தோள் தையல் கையில் இறங்கித் தொங்குகிறது, ஆள் கூடாரம் மாதிரி ஆகிவிடுகிறோம். தையல் தோள் எலும்பின் நுனியில் உட்கார வேண்டும். அங்கிருந்து கீழே போகப் போக விரிகிற ஏ-லைன் எடுத்தால் வயிற்றுக்கும் இடம் கிடைத்துவிடும். நம் உடம்பில் குறுகலான இடம் இடுப்பு அல்ல, மார்புக்குக் கீழே விலா இருக்கும் இடம். பிடித்துத் தைக்க வேண்டுமானால் அங்கே பிடிக்கச் சொல்லுங்கள். பெல்ட் பக்கமே போகாதீர்கள். வி-கழுத்து நல்லது. ஒட்டிப்பிடிக்கும் பனியன் துணியும் வேண்டாம், விறைத்து நிற்கும் துணியும் வேண்டாம். ரேயான், கிரேப் மாதிரி வழுக்கி விழும் துணி போதும். டாப் வயிற்றின் மேட்டிலேயே முடியக் கூடாது, அதைத் தாண்டி இறங்கட்டும். கால்கள் மெலிந்துதானே இருக்கின்றன, பேண்ட் நேராக, முன்னால் கொசுவம் இல்லாமல் இருக்கட்டும்.

கறுப்பு போட்டால் ஒல்லியாகத் தெரியும் என்பதை நம்பி மூன்று வருடம் கறுப்பாகவே உடுத்தினேன். அளவு சரியில்லாத கறுப்பு, அளவு சரியில்லாத கறுப்பாகத்தான் தெரிந்தது. இது என் அனுபவம், உங்களுக்குக் கறுப்பு பிடித்தால் தாராளமாகப் போடுங்கள், சண்டைக்கு வராதீர்கள்.

முக்கியமாக, ட்ரையல் ரூமில் நின்று மட்டும் பார்த்துவிட்டு வாங்காதீர்கள். உள்ளே உட்கார ஒன்றும் இருக்காது. வெளியே காத்திருக்கும் கணவன்மார்களுக்கு மட்டும் சோபா போட்டு வைத்திருப்பார்கள். போன மாதம் நான் ஸ்டூல் கேட்டேன். கடைப்பெண் முதலில் சிரித்தாள், பிறகு எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து கதவிடுக்கில் தள்ளினாள். உட்கார்ந்து, மூச்சை நன்றாக விட்டுப் பார்த்தேன். பட்டன்கள் அதனதன் இடத்தில் இருந்தன. இளநீல நிறம், வாங்கிவிட்டேன்.