கோத்தகிரி வீட்டுக்கு 5.1 ஸ்பீக்கர்: வயரிலும் ஸ்டாண்டிலும் எப்படி மிச்சம் பிடிப்பது?

கேள்வி: கோத்தகிரியில் பழைய வீடு, ஹால் 12க்கு 16 அடி. ஐந்து ஸ்பீக்கரையும் பேஸுக்கான ஒரு சப்-ஊஃபரையும் ஓட்டுகிற 5.1 ரிசீவரும், அலமாரியில் வைக்கிற அளவுச் சின்ன புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களும் வாங்கியாகிவிட்டது. இப்போது வயருக்கும் ஸ்டாண்டுக்கும் கடையில் சொல்லும் விலையைக் கேட்டால் ஸ்பீக்கர் விலையில் பாதி வருகிறது. செலவைக் குறைக்க என்ன செய்யலாம்?

பதில்:

வயரை ஆடியோ கடையில் வாங்காதீர்கள், எலெக்ட்ரிக்கல் கடையில் வாங்குங்கள். ஸ்டாண்டை எந்தக் கடையிலும் வாங்காதீர்கள், செய்துகொள்ளுங்கள். அவசரம் என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் இருப்பது குன்னூரில். அக்கம்பக்கத்தில் யார் வீட்டிலாவது புது செட் இறங்கினால் மாட்டிக் கொடுக்கக் கூப்பிடுவார்கள், அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் வயர். ரிசீவரிலிருந்து கிளம்புகிற மின்சாரத்தை வழியில் அதிகம் தின்னாமல் ஸ்பீக்கரில் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. எவ்வளவு தின்னும் என்பது செம்பின் தடிமனையும் வயரின் நீளத்தையும் பொறுத்தது. இழை எந்த நாட்டில் செய்தது, மேலே என்ன நிறத்தில் உறை போட்டிருக்கிறது என்பதெல்லாம் விலையைத்தான் ஏற்றும். அமெரிக்காவின் மெக்கின்டாஷ் நிறுவனத்தில் ஸ்பீக்கர் ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்த ரோஜர் ரஸ்ஸல் இதற்கு ஒரு எளிய வரம்பு வைத்தார். போக வர இரண்டு கம்பிகளின் மின்தடையும் சேர்ந்து, ஸ்பீக்கரின் பின்னால் போட்டிருக்கும் ஓம் எண்ணில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அவர் கணக்கில் 16 கேஜ் (கேஜ் என்பது அமெரிக்கத் தடிமன் அளவு) வயர் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 48 அடி வரை போதும். 4 ஓம் என்றால் அதில் பாதி, 24 அடி.

நம் ஊர்க் கடையில் கேஜ் என்று கேட்டால் அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சதுர மில்லிமீட்டரில் கேளுங்கள், இல்லையென்றால் வயர்மேன்கள் கேட்பதுபோல 'நாற்பது எழுபத்தாறு' என்று கேளுங்கள். 0.0076 அங்குல இழைகள் நாற்பது சேர்ந்தது என்று அர்த்தம், கிட்டத்தட்ட 1.2 சதுர மி.மீ. வரும். அதற்கு மேல் 'எழுபது எழுபத்தாறு' இருக்கிறது, அது 2 சதுர மி.மீ., ஏறக்குறைய 14 கேஜுக்குச் சமம். 'இருபத்திமூன்று எழுபத்தாறு' கொடுத்தால் வேண்டாம். டிவி பக்கத்திலேயே இருக்கும் ஸ்பீக்கருக்கு அதுகூட ஓடும், பின்பக்க ஸ்பீக்கருக்கு மெலிவு.

உங்கள் ஹாலில் ரிசீவரிலிருந்து பின் ஸ்பீக்கருக்குச் சுவரோரமாக வயர் போனால் 10 மீட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். 1.5 சதுர மி.மீ. இரட்டை வயரில் போக வர 20 மீட்டருக்கு மின்தடை கால் ஓமுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். 8 ஓம் ஸ்பீக்கரில் இதனால் குறைகிற சத்தம் சுமார் 0.3 டெசிபல். அதைக் காதால் கண்டுபிடிக்க முடியாது. ரிமோட்டில் ஒரு தட்டு தட்டினாலே அதைவிட அதிகம் ஏறும். ஸ்பீக்கரின் பின்னால் 4 ஓம் என்று போட்டிருந்தால் மட்டும் பின்பக்கத்துக்கு எழுபது எழுபத்தாறோ 2.5 சதுர மி.மீ.யோ எடுங்கள். ஃபினோலெக்ஸ், பாலிகேப், ஹேவல்ஸ் என்று தெரிந்த கம்பெனி வயரில் ஐ.எஸ். 694 என்று அச்சடித்திருக்கும் இரண்டு கோர் ஃபிளெக்ஸிபிள் போதும். செம்பு விலை ஏறி இறங்குவதால் வயர் விலையும் மாறிக்கொண்டே இருக்கும், இரண்டு மூன்று கடையில் விசாரியுங்கள்.

ஏமாறுவதற்கு வாய்ப்புள்ள இடம் வேறு. கண்ணாடி மாதிரி உறை போட்டு, உள்ளே பளபளவென்று, தடிமனாக, விலையும் மலிவாக ஒரு வயர் விற்கிறார்கள். அதில் பல அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதுதான். மின்தடை அதே தடிமன் செம்பைப் போல ஒன்றரை மடங்கு, வளைத்து வளைத்து எடுத்தால் இழை ஒடியும். கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. கடையிலேயே நுனியை உரித்து ஒரே ஒரு இழையைப் பிரித்து பிளேடால் சுரண்டுங்கள். சுரண்டிய இடமும் சிவப்பாகவே இருந்தால் செம்பு, வெள்ளை தெரிந்தால் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கையில் தூக்கினாலே எடை காட்டிக் கொடுக்கும். ஒன்று, வெளியே வெள்ளையாக இருப்பதெல்லாம் அலுமினியம் இல்லை. வெள்ளீயம் பூசிய செம்பும் வெள்ளையாகத்தான் இருக்கும், பிளஸ் மைனஸ் அடையாளத்துக்காக ஒரு பக்கம் மட்டும் அப்படிப் பூசுவதுண்டு. அதைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு வரும்.

மலையில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு சங்கதி. கூடலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையிலும் நம் குன்னூர் கோத்தகிரிப் பக்கம் அக்டோபர், நவம்பரிலும் வீட்டுக்குள் துணியே காயாது. அந்த ஈரத்தில் உரித்துவிட்ட செம்பு இழை கறுத்து, பிறகு பச்சை பிடிக்கும். ஸ்பீக்கர் கரகரக்கிறது, ஒரு பக்கம் விட்டு விட்டு வருகிறது என்று கூப்பிடுகிற வீடுகளில் பெரும்பாலும் கோளாறு அந்த அரை அங்குலத்தில்தான் இருக்கும். தேவைக்கு மேல் உரிக்காதீர்கள். இழைகளை முறுக்கி லக் என்கிற உலோக முனை போட்டு அழுத்திவிடுங்கள், கொஞ்சம் காசு இருந்தால் சொருகிக் கழற்றும் பனானா பிளக். இழைக்கு சால்டர் வைத்து ஸ்குரூவில் இறுக்குவது நல்லதில்லை. சால்டர் மெத்தென்று இருப்பதால் நாளடைவில் அமுங்கி இறுக்கம் விட்டுப்போகும். மழை முடிந்ததும் நுனியைக் கத்தரித்துப் புதிதாக உரித்துப் போட வசதியாக, ஒவ்வொரு முனையிலும் ஒரு முழம் கூட விட்டுவையுங்கள். வலது இடது வயர் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். மூன்று மீட்டர் வித்தியாசத்தால் சத்தம் முன்னே பின்னே வராது, கவலைப்படாமல் வெட்டுங்கள்.

பிளஸ் மைனஸ் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் மாறினால் ஸ்பீக்கர் கெட்டுப் போகாது, ஆனால் பேஸ் காணாமல் போகும், பாடுகிறவர் நடுவில் நிற்காமல் அறை முழுக்கச் சிதறுவார். சந்தேகம் இருந்தால் ரிசீவர் முனையைக் கழற்றிவிட்டு, ஒரு சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியை வயரில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். பேட்டரி பிளஸ் ஸ்பீக்கரின் சிவப்புக்குப் போயிருந்தால் முன்னால் தெரியும் பெரிய வட்டமான கோன் வெளியே துள்ளும். உள்ளே போனால் மாறியிருக்கிறது.

இனி ஸ்டாண்ட். எனக்குக் கேட்டால், வயரில் மிச்சம் பிடித்த கவனத்தையெல்லாம் இங்கேதான் செலவழிக்க வேண்டும். உயரம் தப்பாக இருந்தால் எந்த வயரும் காப்பாற்றாது. நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, தரையிலிருந்து காது வரை டேப் பிடிக்கச் சொல்லுங்கள். சோபாவில் 90 செ.மீ. சுற்றி வரும். ஸ்பீக்கரின் அடியிலிருந்து ட்வீட்டர் (கீச்சொலி தருகிற சின்ன வட்டம்) நடு வரை அளந்து அதில் கழியுங்கள். மிச்சம்தான் ஸ்டாண்ட் உயரம், பெரும்பாலான புக்‌ஷெல்ஃபுக்கு 60 செ.மீ.க்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

அந்த உயரத்துக்கு மிக மலிவான வழி ஹாலோ பிளாக். எட்டு அங்குலக் கல் ஒன்று 39 செ.மீ. நீளம், 19 செ.மீ. உயரம். ஒன்றைப் படுக்கவைத்து அதன் மேல் ஒன்றை நிமிர்த்தி வைத்தால் 58 செ.மீ. மேலே ஒரு பலகை வைத்தால் கணக்கு முடிந்தது. கல்லுக்கு நடுவில் சிமெண்டோ டைல்ஸ் பசையோ வைத்து ஒட்டிவிடுங்கள், குழந்தைகள் ஓடும் வீட்டில் ஒட்டாமல் வைக்கவே கூடாது. அடியில் படுத்திருக்கும் கல்லின் ஓட்டைக்குள் எம்-சாண்ட் நிரப்பினால் தட்டினாலும் சத்தம் வராது. நன்றாகக் காய்ந்த பிறகு பெயின்ட் அடித்தோ துணி சுற்றியோ விடலாம். வீட்டம்மா ஒத்துக்கொள்வார்களா என்பது தனிக் கேள்வி. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் 'ஹாலுக்குள்ள காம்பவுண்டு கட்டறீங்களா?' என்று கேட்டு, கல் இரண்டும் மொட்டை மாடிக்குப் போயின.

ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆசாரியிடம் போங்கள். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் பலகை இங்கே கிடைக்கிற மரம், தேக்கு விலைக்குப் போக வேண்டியதில்லை. காய்ந்த பலகையா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். பச்சைப் பலகை இரண்டு மாதத்தில் முறுக்கிக்கொண்டு நிற்கும், ஸ்டாண்ட் ஆடும். நடுத்தூணை நான்கு பலகை சேர்த்துப் பெட்டி மாதிரி அடித்து உள்ளே மணலைக் கொட்டச் சொல்லுங்கள். அடிப்பலகை ஸ்பீக்கரைவிட நாலு பக்கமும் அகலமாக இருக்கட்டும். சமையல் மேடைக்குப் போட்டதில் மிஞ்சிய கிரானைட் துண்டு கிடைத்தால் அதையே அடியில் திருகிவிடலாம், எடை கீழே இருந்தால் சாயாது.

பழைய பங்களா மாதிரி மரத்தளம் என்றால் கூர் ஆணி வைத்த ஸ்டாண்ட் வேண்டாம். தளமும் குத்துப்படும், பலகைத் தளம் பேஸுக்குக் கூடவே அதிரவும் செய்யும். பஞ்சர் கடையில் பழைய டியூப் வாங்கி நான்கு துண்டு வெட்டி அடியில் வையுங்கள். ஸ்பீக்கருக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவிலும் அதே ரப்பர்தான், வழுக்காது.

பின் ஸ்பீக்கர்களுக்கு ஸ்டாண்ட் வேண்டியதில்லை. உட்காரும் இடத்துக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் பின்தள்ளி, காதுக்கு ஓரடி மேலே சுவரில் மாட்டலாம். ஆனால் கோத்தகிரியின் பழைய வீட்டுச் சுவர் மண்சாந்து வைத்த கல்சுவராக இருக்கும், பிளாஸ்டிக் பிளக் பிடிக்காமல் உதிரும். ரீப்பர் என்கிற மரச்சட்டம் ஒன்றை மூன்று நான்கு இடத்தில் கல்லில் பிடிக்கிற மாதிரி முடுக்கி, அதன் மேல் பிராக்கெட்டை மாட்டுங்கள். ஓதம் ஏறும் சுவரைத் தவிர்த்துவிடுங்கள், முடியாவிட்டால் நாலு விரல் இடைவெளி விடுங்கள். காகிதக் கோன் உள்ள ஸ்பீக்கர் பூஞ்சை பிடித்தால் தேறாது.

வசனம் வரும் நடு ஸ்பீக்கரான செண்டர், டிவி மேஜையிலேயே இருக்கட்டும், முன்பக்கம் ரப்பர் வைத்து முகத்தை உங்கள் பக்கம் தூக்கிவிடுங்கள். தகரக் கூரை என்றால் மழை நாளில் ரிசீவர் மெனுவில் செண்டரை மட்டும் 2, 3 டெசிபல் ஏற்றினால் வசனம் புரியும், எந்த வயராலும் அது நடக்காது. சப்-ஊஃபருக்கு இந்த வயர் எதுவும் ஆகாது, அதற்கு ஷீல்டு போட்ட ஆர்.சி.ஏ. வயர் தனி. அதை மின்சார வயரோடு ஒட்டி இழுத்தால் உறுமும். ஸ்பீக்கர் வயரையும் வீட்டு மின்சாரக் குழாய்க்குள் நுழைக்காதீர்கள், இது பாதுகாப்புக்காக. கேசிங் பட்டிக்குள் விட்டுச் சுவரோரம் கொண்டுபோங்கள், மலை எலி வெறும் வயரை விட்டுவைக்காது.

உங்கள் ஹாலுக்கு ஐந்து ஸ்பீக்கருக்கும் சேர்த்து 35 மீட்டர் இருந்தால் தாராளம். முழுக் கட்டு 90, 100 மீட்டர் வரும், எலெக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். ஸ்டாண்ட் இடத்தில் நின்ற பிறகு நூல் பிடித்து அளந்துகொண்டு போய் வாங்குங்கள்.