சொகுசுக் கப்பல் பயணத்துக்குக் கூடுதல் விலை கொடுப்பது தகுமா?

"சாதாரண குரூஸைப்போல இரண்டு மூன்று மடங்கு கேட்கிறார்களே, அந்தக் காசுக்கு அப்படி என்னதான் கூடுதலாகக் கிடைக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் என் மனைவியும் ஆயிரக்கணக்கானோர் போகும் பெரிய கப்பல்களிலும் போயிருக்கிறோம், சில நூறு பேர் மட்டும் போகும் சொகுசுக் கப்பல்களிலும் போயிருக்கிறோம். எங்கே போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தகும், அல்லது தகாது. மழுப்புகிறேன் என்று நினைக்க வேண்டாம். எந்தப் பயணத்துக்குத் தகும், எதற்குத் தகாது என்பதை ஓரளவு அடித்தே சொல்ல முடியும்.

முதலில், கூடுதல் பணம் எதற்குப் போகிறது என்று பார்ப்போம். விளம்பரங்களில் பளிங்குக் குளியலறையையும் ஷாம்பெயினையும் காட்டுவார்கள். எனக்குத் தெரிந்தவரை பணத்தின் பெரும்பங்கு இரண்டே விஷயங்களுக்குத்தான் போகிறது: ஆளுக்கு எவ்வளவு இடம், ஆளுக்கு எத்தனை பணியாளர்கள்.

இதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு கப்பலுக்கும் கிராஸ் டன்னேஜ் என்று ஓர் எண் உண்டு. அது எடை அல்ல, கப்பலின் உள்ளளவைக் குறிக்கும் எண். அதைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆளுக்குக் கிடைக்கும் இடம் தெரிந்துவிடும். 2024 ஜனவரியில் பயணத்தைத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்ற பெரிய கப்பல் ஏறக்குறைய 2,48,000 டன். அறைக்கு இருவர் என்று வைத்தால் 5,610 பயணிகள். வகுத்தால் 44 வரும். 2016-ல் வந்த 'செவன் சீஸ் எக்ஸ்புளோரர்' என்ற சொகுசுக் கப்பல் சுமார் 55,000 டன், பயணிகள் 750 பேர். வகுத்தால் 73. இரண்டுக்கும் நடுவில் வைக்கிங் நிறுவனத்தின் பெரும்பாலான கடல் கப்பல்கள் இருக்கின்றன. ஏறக்குறைய 48,000 டன், 930 பேர், அதாவது 51. பணியாளர்களைப் பார்த்தால், ஐகானில் 2,350 பேர், எக்ஸ்புளோரரில் சுமார் 550 பேர். முன்னதில் ஒரு பணியாளருக்கு இரண்டு பயணிகளுக்கு மேல், பின்னதில் ஒன்றரைகூட இல்லை. எந்தக் கப்பலைப் பற்றி யோசித்தாலும் இந்த இரண்டு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 'சொகுசு', 'பிரீமியம்' என்ற பெயர்களை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம், இந்த எண்களை மாற்ற முடியாது.

கப்பலில் ஏறிய பிறகு இது எப்படித் தெரியும் என்றால், டெண்டர் படகு விடும் நாளில் தெரியும். சில ஊர்களில் கப்பல் கரையோரம் நிற்க ஆழம் இருக்காது. சற்றுத் தள்ளி நங்கூரம் போட்டுவிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்குவார்கள். பெரிய கப்பலில் அன்று காலை எங்களுக்கு ஒரு நம்பர் சீட்டு கொடுத்து அரங்கில் உட்கார வைத்தார்கள். நம்பரைக் கூப்பிட்டதும் எழுந்து, மாடிப்படியில் இன்னொரு வரிசை. கீழே படகுக்குப் பக்கத்தில் மூன்றாவது வரிசை. கரையில் கால் வைக்கும்போது வெயில் ஏறிவிட்டது. மாலையில் திரும்பும்போதும் அதே கூட்டம், நிழல் இல்லாத படகுத் துறையில் குழந்தைகளோடும் பைகளோடும் நின்றோம். அந்த ஊரைப் பார்த்த நேரமும் வரிசையில் நின்ற நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். சொகுசுக் கப்பலில் அதே மாதிரி ஒரு நாளில், காலை உணவை முடித்துவிட்டு நேராகக் கீழே இறங்கினோம். படகு காத்திருந்தது, ஏறினோம், போனோம். யாரும் சீட்டு கொடுக்கவில்லை. மதியம் திரும்பி வந்து சாப்பிட்டுவிட்டு மறுபடியும் ஊருக்குள் போனோம். பெரிய கப்பலில் அப்படிச் செய்ய யாருக்கும் மனசு வராது. துறைமுகங்களுக்காகவே குரூஸ் போகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் ஒன்றே கொடுத்த பணத்தில் பாதிக்குச் சமம் என்பேன்.

பணியாளர் விஷயத்தில் எனக்கு மறக்காமல் இருப்பது ஒரு சின்னச் சம்பவம். இரவு உணவின்போது என் மனைவி மெனுவைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு வாசித்தாள். கண்ணாடியை அறையிலேயே விட்டுவிட்டாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் இரவு போனபோது எனக்கு வழக்கமான மெனு, அவளுக்கு மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்த மெனு. பரிமாறியவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, வைத்துவிட்டுப் போய்விட்டார். பெரிய கப்பல் பணியாளர்களுக்கு அந்த அக்கறை கிடையாது என்று சொன்னால் அது பெரிய அநியாயம். அவர்களும் மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து வந்து, விடிந்ததிலிருந்து இரவு வரை உழைக்கிறவர்கள்தான். அவர்கள் பார்க்க வேண்டிய மேஜைகள் அதிகம், அவ்வளவுதான். கவனிக்க நேரம் வேண்டும், அந்த நேரத்தைத்தான் கூடுதல் டிக்கெட் விலை வாங்கித் தருகிறது.

இனி எந்த வழித்தடம் என்பதற்கு வருகிறேன். இங்கேதான் நிறையப் பேர் தப்புக்கணக்கு போடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

சிறிய கப்பலுக்கு மட்டுமே திறக்கும் இடங்கள் சில உண்டு. குவாடல்கிவிர் ஆற்றில் ஏறி ஸ்பெயினின் செவில் நகருக்குள்ளேயே போய் நிற்கலாம். பெரிய கப்பலில் போனால் கடற்கரையில் காடிஸில் இறங்கி, பேருந்தில் செவில் போய் வர வேண்டும். கிரீஸின் கொரிந்து கால்வாயின் அடிமட்ட அகலம் 21 மீட்டர்தான், பெரிய கப்பல்கள் அதைப் படத்தில்தான் பார்க்க முடியும். அண்டார்க்டிகா இன்னும் கறாரான உதாரணம். அண்டார்க்டிகா ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் 2009-ல் வகுத்த விதிப்படி 500 பேருக்கு மேல் ஏற்றிய கப்பல் அங்கே யாரையும் கரையில் இறக்கக் கூடாது. அதற்குக் குறைவான கப்பல்களும் ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் 100 பேரைத்தான் இறக்கலாம். அதாவது பெரிய கப்பலில் போனால் பெங்குவின்களைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வருவீர்கள். சிறிய கப்பலுக்குக் கொடுக்கும் பணம் அங்கே உங்களைத் தரையில் இறக்குகிறது. இதற்குத் தயங்காமல் கொடுங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சிறிய கப்பலும் சொகுசுக் கப்பலும் ஒன்றல்ல. அண்டார்க்டிகாவில் 100 பேர் போகும் எளிய கப்பல் ஒன்றும், 200 பேர் போகும், அறைக்கு அறை பட்லர் வைத்த கப்பல் ஒன்றும் இருந்தால், நான் முன்னதில்தான் ஏறுவேன். பின்னதில் பாதிப் பேர் கரையில் இருக்கும்போது மீதிப் பேர் முறை வருவதற்காகக் காத்திருப்பார்கள். கலாபகஸ் தீவுகளில் எந்தச் சுற்றுலாக் கப்பலும் 100 பயணிகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. ஆகவே அங்கே விலை கூடக் கூட அறையும் சாப்பாடும்தான் மாறும், தீவில் இறங்கும் அனுபவம் பெரிதாக மாறாது. வெனிஸும் அப்படித்தான். 2021 ஆகஸ்ட் 1 முதல் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் ஜூடெக்கா கால்வாய் வழியாக நகரத்துக்குள் வர முடியாது. மேலே சொன்ன எக்ஸ்புளோரரே 55,000 டன்! சொகுசுக் கப்பலில் போகிறோம், சான் மார்கோ சதுக்கத்தைப் பார்த்துக்கொண்டே நகரத்துக்குள் நுழைவோம் என்று கற்பனை செய்துகொண்டு பணம் கட்டினால் ஏமாற்றமாகிவிடும். பதிவு செய்வதற்கு முன் கப்பல் உண்மையில் எந்தத் துறையில் நிற்கப்போகிறது என்று கேட்டுவிடுங்கள். நிறுவனத்தின் அட்டவணையில் 'வெனிஸ்' என்று போட்டுவிட்டு நிற்பது வேறு ஊராக இருக்கலாம்.

தகாத பயணங்களையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வாரக் கரீபியன் சுற்று, அதிலும் நிறுவனத்தின் சொந்தத் தீவில் நிற்கும் பயணம் என்றால், பெரிய கப்பல் போதும். அந்தக் கப்பல்கள் அதற்காகவே கட்டப்பட்டவை. பிள்ளைகள் கூட வருகிறார்கள் என்றால் கேள்வியே வேண்டாம்: நீர்ச்சறுக்கு, விளையாட்டு, வயதுவாரியாகக் குழந்தைகளுக்கான கிளப் எல்லாம் அங்கேதான். சொகுசுக் கப்பலில் பத்து வயதுப் பையன் மூன்றாம் நாளே சலித்துப்போவான். வைக்கிங் 18 வயதுக்கு உட்பட்டவர்களை ஏற்றுவதே இல்லை. இரவு நெடுநேரம் பாட்டு, நடனம், கூட்டம் வேண்டும் என்கிறவர்களும் பெரிய கப்பலில்தான் சந்தோஷமாக இருப்பார்கள். பத்தரை மணிக்கு மேல் சொகுசுக் கப்பலின் லவுஞ்சில் பியானோ வாசிப்பவரோடு நாலு பேர் இருந்தால் அதிகம். எங்களுக்கு அது பிடித்தது, எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்று, கடல் ஆட்டம். சிறிய கப்பல் கொந்தளிப்பில் கூடுதலாகத்தான் ஆடும், எவ்வளவு விலை கொடுத்தாலும். குமட்டல் வருகிற உடம்பு என்றால் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுங்கள். மேல்தளத்து முனையில் இருக்கும் பெரிய சூட் அறைதான் அதிகம் ஆடும். அதிக விலை கொடுத்து அதை எடுத்துவிட்டுப் படுத்தே கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருந்தது.

சரி, விலைக் கணக்கு. 'மூன்று மடங்கு' என்று தோன்றுவதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் உண்டு. பெரிய கப்பலின் விளம்பர விலை ஜன்னல் இல்லாத உள் அறைக்கானது. சொகுசுக் கப்பலில் ஆரம்ப விலையே பெரும்பாலும் பால்கனி வைத்த சூட்டுக்கானது. பால்கனி அறையோடு பால்கனி அறையை ஒப்பிடுங்கள். பிறகு பெரிய கப்பலின் விலையோடு டிப்ஸ், வைஃபை, பானங்கள், தனிக் கட்டண உணவகங்கள், கரைச் சுற்றுலாக்கள் எல்லாவற்றையும் கூட்டுங்கள். சீபோர்ன், சில்வர்சீ என்ற சொகுசு நிறுவனங்களில் பானங்களும் டிப்ஸும் விலைக்குள்ளேயே அடக்கம். எக்ஸ்புளோரரை நடத்தும் ரீஜண்டில் கரைச் சுற்றுலாக்களில் பெரும்பாலானவையும் அடக்கம். கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் நன்றாகச் சுருங்கும்.

ஆனால் நீங்கள் உண்மையில் வாங்கக்கூடியதை மட்டும் கூட்டுங்கள். நான் குடிப்பதில்லை, மனைவி எப்போதாவது ஒரு கிளாஸ் ஒயின். 'வரம்பற்ற பானங்கள்' எங்கள் கணக்கில் ஏறக்குறைய பூஜ்யம். உண்மையில் பக்கத்து மேஜைக்காரரின் ஷாம்பெயினுக்கு நாங்களும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறோம். கரையில் குழுவோடு போகாமல் நீங்களே நடந்து சுற்றுகிறவர் என்றால் சுற்றுலாவும் அப்படியே. இப்படி இரண்டு மூன்று செலவுகளைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டால் பெரிய கப்பல் மறுபடியும் மலிவாகத் தெரியலாம். தனியாகப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அறைக்கு இருவர் என்ற கணக்கில் விலை வைப்பதால், ஒருவரிடமே ஏறக்குறைய இருவர் கட்டணத்தைக் கேட்பார்கள். குறிப்பிட்ட சில பயணங்களில் சொகுசு நிறுவனங்கள் இதை வெகுவாகக் குறைப்பதுண்டு. தேதியில் பிடிவாதம் இல்லாதவர்கள் கேட்டுப் பாருங்கள்.

விலை அதிகம் என்றால் பாதுகாப்பும் அதிகம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்வதேசப் பயணத்தில் இரண்டு வகைக் கப்பலுக்கும் சோலாஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் ஒரே பாதுகாப்பு விதிகள்தான். முதலாளிகளும் பல இடங்களில் ஒருவரே. சீபோர்ன் கார்னிவல் குழுமத்தைச் சேர்ந்தது. சில்வர்சீ 2020 முதல் முழுமையாக ராயல் கரீபியன் குழுமத்தினுடையது. ரீஜண்டும் ஓஷியானியா என்ற நிறுவனமும் 2014-லிருந்து நார்வீஜியன் குழுமத்தில் இருக்கின்றன.

நடுவழி ஒன்றும் உண்டு. பெரிய கப்பலுக்குள்ளேயே ஒரு பகுதியைத் தனியாகப் பிரித்து, அங்கே தங்குபவர்களுக்கு மட்டும் உணவகம், நீச்சல்குளம், லவுஞ்ச் வைத்திருப்பார்கள். எம்எஸ்சி நிறுவனத்தின் கப்பல்களில் இதன் பெயர் 'யாட் கிளப்', நார்வீஜியனில் 'ஹேவன்'. பிள்ளைகளுக்கு நீர்ச்சறுக்கும் வேண்டும், பெரியவர்களுக்கு அமைதியும் வேண்டும் என்ற குடும்பத்துக்கு இது அருமையான ஏற்பாடு. டெண்டர் படகில்கூட முன்னுரிமை கிடைக்கும். ஆனால் நீங்கள் இறங்கும் ஊருக்குள் உங்களோடு சேர்ந்து அந்த ஐயாயிரம் பேரும் இறங்குவார்கள். சின்ன ஊராக இருந்தால் அதன் தெருக்களே நிரம்பிவிடும். அமெரிக்காவின் பார் ஹார்பர் ஊர் மக்கள் 2022-ல் ஓட்டுப் போட்டு, ஒரு நாளைக்குக் கப்பலிலிருந்து இறங்குபவர்கள் 1,000 பேரைத் தாண்டக் கூடாது என்று முடிவெடுத்தது சும்மா இல்லை.

உங்களுக்குச் சொகுசுக் கப்பல் ஒத்துவருமா என்று குறைந்த செலவில் பார்க்க வேண்டுமானால், இடமாற்றப் பயணங்களைத் தேடுங்கள். கோடை முடிந்ததும் பல கப்பல்கள் மத்தியதரைக் கடலிலிருந்து கரீபியனுக்குப் போகும், வசந்தத்தில் திரும்பி வரும். துறைமுகங்கள் குறைவு, கடலிலேயே கழியும் நாட்கள் அதிகம் என்பதால், நாள் கணக்கில் பார்த்தால் விலை பெரும்பாலும் குறைவாக இருக்கும். அந்த நீண்ட கடல் நாட்களில்தான் விசாலமான டெக்கும், நூலகமும், அவசரமில்லாத சாப்பாடும் முழுதாகப் பயன்படும். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம். அப்புறம், அவை ஒருவழிப் பயணங்கள் என்பதால் திரும்பி வரும் விமானக் கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒருவழி டிக்கெட் சில நேரம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருக்கும்.